குறி தப்பியது கையாலா, திரையாலா?

குட்டீஸ், 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது இரண்டு படங்கள் உலகம் முழுக்கச் சுற்றி வந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் தென் கொரியாவின் கிம் யேஜி. விண்வெளிப் படத்தில் வருகிற மாதிரி ஒரு கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நின்றார். இன்னொன்றில் துருக்கியின் யூசுப் டிகெச். 51 வயது. வீட்டில் பேப்பர் படிக்கும்போது போடுகிற மாதிரி ஒரு சாதாரண மூக்குக் கண்ணாடி, ஒரு கை பாக்கெட்டில். அவ்வளவுதான்!

இருவருமே வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். கிம் யேஜி பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், டிகெச் அதன் கலப்பு அணிப் போட்டியில். இரண்டிலும் வெண்கலம் நம் நாட்டுக்கு வந்தது. முதலாவதில் மனு பாக்கர் தனியாகவும், இரண்டாவதில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்தும் வென்றார்.

கிம் யேஜியின் கருவி வெறும் அலங்காரம் இல்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன ஓட்டை. அதைச் சுருக்கினால் துப்பாக்கி முனையும் தூரத்து இலக்கும் ஓரளவு ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும். இன்னொரு கண்ணை மறைக்க ஒரு தடுப்பு. இப்படிச் சுடுவதற்கு முன் பார்வையைச் சரிசெய்துகொள்ள விதிகள் அனுமதிக்கின்றன.

இதே வேலையைத்தான் உங்கள் அண்ணனோ, பக்கத்து வீட்டு அக்காவோ கம்ப்யூட்டரில் ஷூட்டிங் கேம் ஆடுவதற்கு முன் செய்கிறார்கள். ஆட்டத்தைத் தொடங்காமல் அரை மணி நேரம் 'வீடியோ செட்டிங்ஸ்' பக்கத்தில் எதையோ கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கேட்டால், "இதை மாற்றினால் குறி தப்பாது" என்பார்கள். உண்மையா? மாற்றுவது என்றால் எதுவரை மாற்றலாம்? எந்த இடத்தில் அது ஏமாற்று வேலை ஆகிறது? இந்தக் கேள்விகளால் சில ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்களே மோதிக்கொள்கின்றன. நிறைய பேர் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுகளில் பல உங்கள் வயதுக்கானவை அல்ல. ஐரோப்பாவின் வயது முத்திரைப்படி கவுண்டர்-ஸ்டிரைக் 18 வயதுக்கு மேல். வாலரன்ட் 16 வயதுக்கு மேல். அதனால் ஆடச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் இதற்குள் இருக்கும் கணக்கும் நியாயமும் எல்லா வயதுக்கும் உரியவை.

ஸ்கேலை எடுங்கள்!

30 செ.மீ. ஸ்கேல் ஒன்றை எடுங்கள். நண்பன் அதைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும். பூஜ்யம் இருக்கும் கீழ் நுனியில் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வையுங்கள். நண்பன் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விடவேண்டும். நீங்கள் பிடிக்கவேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தீர்களா? கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அசைய சுமார் 200 மில்லி செகண்ட் ஆகியிருக்கிறது. அதாவது ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. நம்மில் பெரும்பாலோர் 200க்கும் 250க்கும் பக்கத்தில்தான் இருப்போம்.

இப்போது திரைக்கு வருவோம். நோட்டுப் புத்தக மூலையில் பக்கத்துக்குப் பக்கம் பொம்மை வரைந்து, சடசடவென்று புரட்டி ஓட வைத்திருக்கிறீர்கள் இல்லையா? மானிட்டரும் அதையேதான் செய்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். சினிமாவில் செகண்டுக்கு 24. சாதாரண மானிட்டரில் 60. இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். போட்டி ஆட்டக்காரர்கள் 144, 240, 360 ஹெர்ட்ஸ் என்று வாங்குகிறார்கள். 2023ல் 540 ஹெர்ட்ஸ் மானிட்டரே கடைக்கு வந்துவிட்டது.

60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி செகண்ட். 240 ஹெர்ட்ஸ் என்றால் 4.2. எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறான் என்று வையுங்கள். அவன் வந்த பிறகும், அடுத்த படம் வரும்வரை உங்கள் திரையில் அவன் இல்லை! வேகமான மானிட்டரில் அவன் கொஞ்சம் முன்னதாகத் தெரிவான். எவ்வளவு முன்னதாக? அதிகபட்சம் 12.5 மில்லி செகண்ட். நம் ஸ்கேல் கணக்கில் சொன்னால் சுமார் இரண்டரை செ.மீ.

இரண்டரை செ.மீ. பெரிதா, சிறிதா? இருவரும் 20 செ.மீ.யில் பிடிப்பவர்கள் என்றால் அதுதான் வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள வித்தியாசம். ஒருவர் 20, மற்றவர் 28 என்றால் எந்த மானிட்டரும் காப்பாற்றாது. (என்னுடையது 24. அதுவும் மூன்றாவது முயற்சியில். என் பக்கத்து மேசைக்காரர் 17. அவர் எந்த கேமும் ஆடுவதில்லை, கேரம் மட்டும்தான்.)

அழகைக் குறை, வேகத்தைக் கூட்டு

மானிட்டர் மட்டும் வேகமாக இருந்தால் போதாது. செகண்டுக்கு 240 படம் காட்டத் தயாராக இருந்தாலும், கம்ப்யூட்டர் அத்தனை படம் வரைந்து தரவேண்டுமே! தண்ணீரில் பிரதிபலிப்பு, புகையின் சுருள், சுவரில் ஒவ்வொரு செங்கல் என்று வரையச் சொன்னால் அது திணறும். ஆகவே ஆட்டக்காரர்கள் அழகைக் குறைத்துவிடுகிறார்கள். போனில் பி.ஜி.எம்.ஐ. ஆடுகிறவர்கள் கிராபிக்ஸை 'ஸ்மூத்' என்றும் பிரேம் ரேட்டை 'எக்ஸ்ட்ரீம்' என்றும் வைப்பது இதனால்தான். கோடிக்கணக்கில் செலவழித்து ஓவியர்கள் வரைந்த அழகான உலகத்தை, ஆட்டத்தில் கெட்டிக்காரர்களே முதல் வேலையாக அழித்துவிட்டு ஆடுகிறார்கள். பாவம் அந்த ஓவியர்கள்!

'வி-சிங்க்' என்று ஒரு வசதி உண்டு. படம் நடுவில் கிழிந்தது போலத் தெரியாமல் இருக்க, மானிட்டர் தயாராகும்வரை அது படத்தைக் காக்க வைக்கும். கதை ஆட்டங்களுக்கு நல்லது. போட்டியில் அந்தக் காத்திருப்பே எதிரி. அணைத்துவிடுவார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் குறைத்துவிடக் கூடாது. 2023 செப்டம்பரில் வெளிவந்த கவுண்டர்-ஸ்டிரைக் 2ல் மூலையில் ஒளிந்திருப்பவரின் நிழல் தரையில் முதலில் விழும், ஆள் பிறகுதான் வருவார். நிழலைச் சிக்கனம் பண்ணினால் அந்தத் துப்பு போய்விடும். பப்ஜியில் இதற்கு நேர்மாறான வேடிக்கை. புல்லுக்குள் குப்புறப் படுத்து, "யாருக்கும் தெரியமாட்டேன்" என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் வெகு தொலைவில் இருக்கும் புல்லை ஆட்டம் வரைவதே இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவர் வெட்டவெளியில் படுத்திருப்பார்!

இழுத்து விட்ட படம்

இப்போது ஒரு விசித்திரம். கவுண்டர்-ஸ்டிரைக்கின் பெரிய வீரர்கள் பலருடைய திரையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள்! அகலமான புது மானிட்டரில், பழைய சதுரமான டி.வி. அளவுக்குப் படத்தை வைத்து, அதை இரு பக்கமும் இழுத்து விட்டிருப்பார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கவுண்டர்-ஸ்டிரைக் 1999ல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் 'ஹாஃப்-லைப்' என்ற ஆட்டத்தின் மேல் ஆசைக்காகக் கட்டிய ஆட்டம். மறு வருடமே வால்வ் நிறுவனம் அதைத் தன்னுடையதாக வெளியிட்டது. அப்போது இருந்தவை பின்புறம் பானை மாதிரி தள்ளிக்கொண்டிருக்கும் பழைய மானிட்டர்கள். நெட் சென்டர்களில் பார்த்திருக்கலாம். (நீங்கள் பார்த்திருக்க முடியாது, உங்கள் மாமாவைக் கேளுங்கள்.) அவற்றில் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்தால் ஹெர்ட்ஸ் நூறுக்கும் மேலே ஏறும். அதனால் குறைத்து ஆடிப் பழகினார்கள். பிறகு தட்டை மானிட்டர்கள் வந்து, அகலமும் ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை.

பழக்கம் மட்டும்தானா? படத்தை இழுத்தால் எதிராளி மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரிவான். பெரிய இலக்கு, சுலபமாகச் சுடலாம் என்பார்கள். ஒரு பலூனில் பொம்மை வரைந்து ஊதிப் பாருங்கள். பொம்மை பெரிதாகும்; அதே சமயம் இரண்டு பொம்மைகளுக்கு நடுவே உள்ள தூரமும் பெரிதாகும். திரையிலும் அப்படியே. எதிராளி அகலமானால், அவன் இடமிருந்து வலமாக ஓடும் வேகமும் திரையில் அதே அளவு கூடிவிடும். கடைக்காரர் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்வது போல.

அதோடு இன்னொரு நஷ்டமும் உண்டு. அகலத் திரையில் கவுண்டர்-ஸ்டிரைக் சுமார் 106 பாகை அகலத்துக்குக் காட்டும். பழைய அளவில் 90 பாகைதான். ஓரத்தில் நிற்பவன் உங்களுக்குத் தெரியவே மாட்டான். இதையெல்லாம் தெரிந்தேதான் வீரர்கள் அப்படி ஆடுகிறார்கள். ஒன்றை இழந்து ஒன்றைப் பெறுகிறார்கள், யாருக்கும் அநியாயம் இல்லை. வால்வும் கண்டுகொள்ளவில்லை.

போர்ட்நைட்டில் கதை வேறு. அங்கே திரையை இழுத்தால் பக்கவாட்டில் எதையும் இழக்காமல், மேலும் கீழும் கூடுதலாகத் தெரிந்தது. அது ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பி, ஏணி கட்டி மேலே ஏறி ஆடும் ஆட்டம். மேலே கீழே கூடுதலாகத் தெரிந்தால் கேட்கவா வேண்டும்? எல்லோரும் இழுக்க ஆரம்பித்தார்கள். 2019ல் எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் போட்டிகளில் அதை நிறுத்திவிட்டது. அந்த வருடம்தான் நியூயார்க்கில் நடந்த போர்ட்நைட் உலகக் கோப்பையில் 16 வயதுப் பையன் கைல் கீர்ஸ்டார்ப் 30 லட்சம் டாலர் பரிசு வென்றான். அவ்வளவு பணம் கைமாறும் இடத்தில் இப்படி ஓசியில் கிடைக்கும் லாபத்தை விட்டுவைப்பார்களா?

பாருங்கள், ஒரே தந்திரம். ஓர் ஆட்டத்தில் அனுமதி, இன்னொன்றில் தடை. இரண்டு முடிவுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு பட்டனை அமுக்கியதற்குத் தண்டனை!

2023 அக்டோபரில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. கம்ப்யூட்டர்களுக்கு கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் ஏ.எம்.டி. நிறுவனம் 'ஆன்ட்டி-லேக் பிளஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. மவுஸை அழுத்துவதற்கும் திரையில் துப்பாக்கி வெடிப்பதற்கும் நடுவே உள்ள தாமதத்தைக் குறைப்பது இதன் வேலை. நல்ல விஷயம்தானே என்று ஆட்டக்காரர்கள் அதை 'ஆன்' செய்தார்கள். கவுண்டர்-ஸ்டிரைக் 2க்குள் நுழைந்தார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுத் தடை செய்யப்பட்டார்கள்!

ஏன்? அந்த வசதி ஆட்டத்தின் உள்ளே புகுந்து, அதன் சொந்தக் கட்டளைகளை வழிமறித்துத் திருப்பிவிட்டது. தானாகக் குறிபார்க்கும் திருட்டு புரோகிராம்களும் இதே வழியில்தான் உள்ளே நுழைகின்றன. வாசலில் நிற்கும் காவல் புரோகிராமுக்கு இவன் நல்லவன், அவன் கெட்டவன் என்றெல்லாம் தெரியாது. சுவர் ஏறிக் குதித்தால் பிடிக்கும், அவ்வளவுதான். அதை உடனே அணைத்துவிடுங்கள் என்று வால்வ் எல்லோரையும் எச்சரித்தது. ஏ.எம்.டி. அந்த வசதியைத் திரும்பப் பெற்றது. அப்பாவிகளின் தடையை நீக்குவதாக வால்வ் சொன்னது.

2024ல் ஏ.எம்.டி. மீண்டும் வந்தது, 'ஆன்ட்டி-லேக் 2' என்ற பெயரில். இம்முறை அந்த வசதி ஆட்டத்துக்குள்ளேயே, ஆட்டத்தைச் செய்தவர்களின் சம்மதத்தோடு சேர்க்கப்பட்டது. போட்டி நிறுவனமான என்விடியா தன்னுடைய 'ரிப்ளெக்ஸ்' வசதியை 2020லிருந்தே இப்படித்தான் கொடுத்துவந்தது. தாமதத்தைக் குறைப்பது குற்றமாக இருக்கவில்லை. பின் சுவரேறி வந்ததுதான் குற்றம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். தண்டனை முதலில் விழுந்தது பட்டனை அமுக்கிய பையன் மேல். செய்தவர்கள் மேல் இல்லை.

மானிட்டரே கண் சிமிட்டினால்?

வாலரன்ட் ஆட்டத்தில் எதிராளியைச் சுற்றி சிவப்பு வரிக்கோடு இருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் சிலருக்கு உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம். அவர்களுக்காக அந்தக் கோட்டை மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாற்றும் வசதியை ரயட் கேம்ஸ் வைத்தது. என்ன ஆயிற்று? கண் நன்றாக உள்ளவர்களும் "மஞ்சள்தான் பளிச்சென்று தெரிகிறது" என்று அதற்கு மாறிவிட்டார்கள். தப்பா? இல்லை. எல்லோருக்கும் இலவசமாக, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிற வசதி அது.

இதையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கவுண்டர்-ஸ்டிரைக்கில் தொலைநோக்கி வைத்த துப்பாக்கியை, கண்ணில் வைத்துப் பார்க்காமல் சுட்டால் நடுவில் கூட்டல் குறி தெரியாது. வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். கஷ்டமாக இருக்கட்டும் என்று. ஆனால் பல மானிட்டர்களில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் மானிட்டரே திரையின் நட்டநடுவில் ஒரு குறி போட்டுவிடும்! கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, காவல் புரோகிராமுக்கும் தெரியாது. கடையில் பில் போட்டு வாங்கிய ஏமாற்று.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எம்.எஸ்.ஐ. நிறுவனம் ஒரு படி மேலே போனது. அவர்களுடைய ஒரு மானிட்டர், 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தின் மூலையில் உள்ள குட்டி வரைபடத்தைத் தானே கவனித்து, எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று திரையில் அடையாளம் காட்டியது. அது ஷூட்டிங் கேம் இல்லைதான். ஆனாலும் யோசியுங்கள். வரைபடம் எல்லோர் திரையிலும் இருக்கிறது, மானிட்டர் புதிதாக எதையும் திருடிப் பார்க்கவில்லை. ஆனால் அதை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் அந்த ஆட்டத்தின் திறமை. தேர்வில் உங்கள் கேள்வித்தாளையே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "மூன்றாவது கேள்வியைக் கவனி" என்று சொல்லிக்கொண்டிருந்தால் வாத்தியார் விடுவாரா?

கோட்டை எங்கே போடலாம் என்று கேட்டால் நான் இங்கேதான் போடுவேன். எனக்குத் தெளிவாகத் தெரியும்படி திரையை மாற்றினால் அது செட்டிங்ஸ். எனக்குப் பதிலாகத் திரையே பார்த்தால் அது வேறு. கிரிக்கெட்டில் 1979ல் பெர்த் மைதானத்துக்கு டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு வந்துவிட்டார். அதைத் தடுக்க அப்போது விதியே இல்லை. அதன் பிறகுதான் பேட் மரத்தால் ஆனதாக இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். மானிட்டர்களுக்கு இன்னும் அப்படி எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி எழுதப்படவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் தெருவுக்குத் தானே கோடு போடுகிறது.

மேடையில் நடக்கும் பெரிய போட்டிகளில் இந்தத் தலைவலி குறைவு. கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் நடத்துபவர்களே எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிடுகிறார்கள். மவுஸும் கீபோர்டும் வீரர்கள் தங்களுடையதைக் கொண்டுவருகிறார்கள். 2023ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின் விளையாட்டுகளுக்கு முதல் முறையாகப் பதக்கங்கள் கொடுத்தார்கள். அங்கே பப்ஜியையே மாற்றி, ஆளை ஆள் சுடாமல் வழியில் உள்ள இலக்குகளைச் சுட்டுக்கொண்டு முந்துகிற ஆட்டமாக ஆக்கிவிட்டார்கள். தங்கம் சீனாவுக்கு. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, மின் விளையாட்டை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

தொல்லை எல்லாம் அந்த மேடைக்கு ஏறும் வழியில்தான். தகுதிச் சுற்றுகளைப் பெரும்பாலும் அவரவர் வீட்டிலிருந்தே ஆடவேண்டும். அங்கே ஒருவரிடம் 360 ஹெர்ட்ஸ், இன்னொருவரிடம் அப்பாவின் ஆபீஸ் லேப்டாப். அந்த லேப்டாப்காரனுக்குத்தான் செட்டிங்ஸ் பக்கம் உண்மையிலேயே உதவும். அழகைக் குறைத்து, வி-சிங்க்கை அணைத்து, அவன் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு மில்லி செகண்டும் காசு செலவில்லாதது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு, கம்ப்யூட்டரில் அதை 60லேயே விட்டுவைத்து ஆடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்! உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கலாம், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பார்த்துச் சொல்லுங்கள்.

எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு மூன்று நாள் ஆடிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள். தினம் ஒரு செட்டிங்ஸ் என்று மாற்றுகிறவர்களின் கைக்கு எதுவும் பழகுவதே இல்லை.

அப்புறம், அந்த ஸ்கேலை எடுத்து வைத்துவிடாதீர்கள். இன்று இரவு தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் பத்து முறை பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். நாளை காலை எழுந்து முகம் கழுவி, கொஞ்ச நேரம் கழித்து இன்னும் பத்து முறை. இரண்டின் சராசரிக்கும் நடுவே எத்தனை செ.மீ. வித்தியாசம்? 60க்கும் 240 ஹெர்ட்ஸுக்கும் நடுவே உள்ள அந்த இரண்டரை செ.மீ.யைவிடக் கூடவா, குறைவா?